வயசு மேல் போடும் பழி

சிங்காரப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் ஐம்பதைத் தொட்ட ஒருவர் "என்னப்பா சொன்ன?" என்று இரண்டாம் முறை கேட்டால், பக்கத்தில் நிற்பவரிடம் பதில் தயாராக இருக்கும்: "வயசாச்சில்ல மாமா, அப்படித்தான்." கண் மங்கினாலும் இதே ஆறுதல்தான். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சுமார் 12 லட்சம் இழைகள், காதிலிருந்து போவதில் சுமார் 30,000. பழுது அங்கே இருக்கிறதா என்று பார்க்காமலே வயசின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வயசானா காது மந்தமாகத்தான் செய்யும்."

ஆகும். நாற்பதிலேயே மந்தமானால்? ஓசூர் சிப்காட்டில் பவர் பிரஸ் ஓட்டியவர்கள், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுத்தவர்கள் பலர் அந்த வயதிலேயே டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது. 95 ஆனால் 4 மணி நேரம்தான். ஓ.டி. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு எங்கே நிற்கும்? ஓயாத இரைச்சல் உள்காதின் மயிரணுக்களையும் அவை நரம்போடு சேரும் முனைகளையும் சிதைக்கிறது. மனிதருக்கு அந்த அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. மேல் சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. 'படி'யா, 'கடி'யா, 'தடி'யா என்று தடுமாற வேண்டியிருக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழில் நோய்ப் பட்டியலிலேயே ஏறிய கோளாறு இது. இழப்பீட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. 'வயசு' என்று சொல்லி அனுப்பிவிட்டால் அந்த உரிமையும் போய்விடுகிறது.

"கண்ணுல புரைதான். கேம்ப் வந்தா ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

புரை என்றால் காத்திருக்கலாம். எடுத்தால் பார்வை திரும்பும். கண் அழுத்த நோயான கிளாக்கோமா அப்படிக் காத்திருக்காது. அது பார்வை நரம்பையே இழை இழையாகத் தின்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போவதால், எதிரே நிற்பவர் தெளிவாகத் தெரிவார், பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. சென்னை சங்கர நேத்ராலயா தமிழகக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், இந்த நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதுவரை அதை அறியாதவர்கள்.

"நரம்புத் தளர்ச்சியெல்லாம் கிழவங்க வியாதி."

2008 மே மாதம் நம் தமிழக-கர்நாடக எல்லைப் பகுதியே இதற்குப் பதில் சொன்னது. பெங்களூரு சுற்றுப்புறம், கோலார், நம் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று விஷச் சாராயம் 150-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதிலிருந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். குடித்தவுடன் போதை மட்டும் தெரியும்; பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் பார்வை பனி மூடியதுபோல் ஆகும். "நேத்து குடிச்சேன், ஒண்ணும் ஆகல" என்ற தைரியம் சிகிச்சைக்கான நேரத்தைத் தின்றுவிடும். மருந்தாலும் இப்படி நேரலாம். காசநோய்க்குத் தரும் எத்தாம்பூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பு நிறம் வெளிறித் தெரிவது ஓர் அறிகுறி. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சிலருக்கு உள்காதைக் கெடுக்கும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதில் எதுவும் வயது பார்த்து வருவதில்லை.

"போனது வரப்போறதில்ல. பார்த்து என்ன ஆகப்போகுது?"

இதில் பாதி உண்மை. கிளாக்கோமாவில் செத்த இழை செத்ததுதான். மிச்சத்தைச் சொட்டு மருந்து பல ஆண்டுகள் காக்கும். ஒரே நாளில் ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், அழுக்கு என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன். மெத்தனால் என்றால் கணக்கு மணி நேரத்தில். இரைச்சலில் வேலை பார்ப்பவர் ஆண்டுக்கொருமுறை காதைச் சோதித்துக்கொண்டால், மந்தம் எப்போது தொடங்கியது என்பதற்குக் கையில் ஒரு தாளாவது இருக்கும். நாற்பதைத் தாண்டியவர் கண்ணாடிக்குப் போகும்போதே கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்த முறை மாமா "என்னப்பா சொன்ன?" என்றால், அவருக்கு வயசு என்ன என்று எண்ண வேண்டாம். எந்த மெஷினில், எத்தனை வருஷம் நின்றார் என்று கேளுங்கள். கொஞ்சம் உரக்கவே கேளுங்கள்.