வீட்டில் இருந்தே வேலை: கத்துக்கிற பையன் கதி என்ன?

ஆபீசுக்குப் போய் வேலை பார்ப்பதா? வீட்டில் இருந்தே பார்ப்பதா? திண்டுக்கல் பஸ் நிலைய டீக்கடை வரைக்கும் இந்தப் பேச்சு வந்தாச்சு.

2020 மார்ச் 25-ந்தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் பலர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊர் வந்து சேர்ந்தார்கள். இப்போது கம்பெனிகள் திரும்பக் கூப்பிடுகின்றன. டி.சி.எஸ். 2023 அக்டோபரில் வாரம் 5 நாளும் ஆபீஸ் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியில் அதையே செய்தது.

"வீட்டில் இருந்தால் தூங்கிடுவான்" என்பது முதலாளி கட்சி. அது நியாயமில்லை. சீனாவில் டிரிப் டாட் காம் என்ற பயணக் கம்பெனி 1,600-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. வாரம் 2 நாள் வீட்டில் இருந்தவர்களின் வேலை கெடவில்லை. வேலையை உதறிவிட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2024-ல் வெளியான முடிவு இது.

அப்படியானால் ஆபீசுக்குப் பூட்டுப் போட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். நம்ம ஊர்ப் பூட்டையே கேட்போம்!

பட்டறையில் பாருங்கள்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார் மிஷின் பூட்டு வந்து குவிந்தும், மாங்காய்ப் பூட்டின் பேர் போகவில்லை. காரணம் கைவேலை.

லீவர் தகட்டை அரத்தால் ராவணும். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கணும். மறுபடி ராவணும். எவ்வளவு ராவினால் போதும்? புத்தகத்தில் படித்து வருகிற கணக்கு இல்லை அது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் சத்தத்தைக் கேட்டே, "போதும்டா, நிறுத்து" என்பார். தொழில் அங்கேதான் கை மாறுகிறது.

இன்று பட்டறைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். மிஷின் பூட்டு வயிற்றில் அடித்தது ஒரு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கப் பையன் வராதது இன்னொரு பக்கம்.

வீட்டு வேலை நமக்குப் புதுசும் இல்லை. சின்னாளபட்டியில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்தவர்கள்தானே? ஆனால் அங்கே அப்பா தறியில் இருந்தால், பையன் பக்கத்தில் இருப்பான். பார்த்துப் பார்த்தே கை பழகிவிடும். ஆக, வீடு குற்றவாளி இல்லை. கத்துக்கிறவனைத் தனியா விடுவதுதான் குற்றம்.

யாரைப் பார்ப்பான்?

22 வயசுப் பையன். சேர்ந்த முதல் நாளில் இருந்தே மாடி ரூமில் தனியா வேலை. சந்தேகம் வந்தால் போன் போடணும். "இதுக்கெல்லாமா தொந்தரவு?" என்று கூச்சம். பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தால் தலையைத் திருப்பினால் போதுமே!

நம்ம தொழிலும் அப்படித்தான். ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் கிடைப்பது பாதிச் செய்தி. ரைட்டர் முகத்தைப் பார்த்தால்தான் மீதி தெரியும். அதை மூத்த நிருபர் கூடப் போய்த்தான் பழகினேன்.

20 வருஷம் சர்வீஸ் போட்டவரைத் தினமும் 60 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு விரட்ட வேண்டாம். அவருக்குத் தொழில் தெரியும். ஆனால் வாரத்தில் 2, 3 நாளாவது அவர் ஆபீஸ் வரணும். அதே நாளில் புதுப் பையனும் வரணும். பையனை மட்டும் வரவழைத்துவிட்டுப் பெரியவர் வீட்டில் இருந்தால், காலி நாற்காலியா சொல்லிக் கொடுக்கும்?

கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மட்டும் இல்லை இந்த யோசனை. கடைக்காரர்களே, ஆபீஸ் நடத்துகிறவர்களே! உங்களிடம் புது ஆள் சேர்ந்திருக்கிறானா? வாட்ஸ்அப்பில் வேலை சொல்லி அனுப்பாதீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வையுங்கள்.