மலையை லட்டாக்கும் லென்ஸ்

ஒரு வாரமா வயித்தெரிச்சல். இங்கே கொட்டிடறேன், கேட்டுக்கங்க.

சேலத்துல நாங்க நாலஞ்சு பேர் பழைய பிலிம் கேமராவைத் தூக்கிட்டுச் சுத்தற ஆளுங்க. அதுல மூத்தவர் ஒருத்தர். என் ஜோர்க்கி-4-ல 15 எம்.எம். லென்ஸ் மாட்டியிருந்ததைப் பார்த்துட்டு சிரிச்சார் பாருங்க ஒரு சிரிப்பு. "ஏந்தம்பி, ரேஞ்ச்பைண்டர்னா 50, மிஞ்சிப்போனா 35. இது மாட்டு வண்டியில லாரி டயர் மாட்டுன மாதிரியில்ல இருக்குது!" பக்கத்துல நின்ன பொடியன் வேற, "போன்லயே 0.5 இருக்குதுங்ணா, எதுக்கு இந்தக் கஷ்டம்?"ங்கிறான்.

அண்ணே, நம்ம ஊர்ல டயர் வண்டியே பார்த்ததில்லையா நீங்க? நல்லாத்தானே ஓடுது :-)

சரி, அவர் கட்சியையும் நியாயமா சொல்லிடறேன். ஜோர்க்கி-4 மாஸ்கோ பக்கத்துல க்ராஸ்னகோர்ஸ்க்ல 1956-லேர்ந்து 1973 வரை செஞ்ச கேமரா. என் லென்ஸ் 1999-ல ஜப்பான் கோசினா கம்பெனி வாய்க்லாண்டர் பேர்ல விட்ட சூப்பர் வைடு ஹீலியார். ரெண்டுக்கும் ஒரே 39 எம்.எம். திருகு, அதனால மாட்டிக்கும். ஆனா கேமராவோட வியூபைண்டர் 50-க்குத்தான் சரி. இந்த லென்ஸ் ரேஞ்ச்பைண்டரோட இணையவும் இணையாது. தலைக்கு மேல தனியா ஒரு பைண்டர் சொருகி, தூரத்தைக் கண்ணால மட்டுக்கட்டி எடுக்கணும். "அப்புறம் எதுக்குய்யா ரேஞ்ச்பைண்டர்?" இதுதான் அவர் கேள்வி.

பதில் சுலபம். ஃபோகஸ் பண்ற வேலையே இதுல இல்லை. அப்பர்ச்சர் எஃப் 8, தூரம் 1 மீட்டர்னு வெச்சுட்டா அரை மீட்டர்லேர்ந்து அடிவானம் வரைக்கும் தெளிவா விழுந்துடும். நமக்கு வேண்டியது கண்ணாடி இல்லாத ஒரு பெட்டி. எஸ்.எல்.ஆர்.ல கண்ணாடி எழும்ப இடம் விடணும். அதனால லென்ஸை முன்னாடி தள்ளி, ஏகப்பட்ட கண்ணாடித் துண்டு போட்டுச் சுத்தி வளைக்கணும். ரேஞ்ச்பைண்டர்ல அந்தத் தொல்லை இல்லை, லென்ஸோட பின்பக்கம் பிலிமுக்குப் பக்கத்துலயே போய் உக்காந்துக்கும். நேர் கோடு நேர் கோடாவே விழும், லென்ஸும் உள்ளங்கையில அடங்கும்.

இது நான் கண்டுபிடிச்ச கூத்தும் இல்லை. லைக்காக்காரங்களே 1958-ல 21 எம்.எம். லென்ஸை மேல தனி பைண்டரோடதான் பயன்படுத்தச் சொன்னாங்க. 1969-ல ஜெய்ஸ் ஹோலோகான்னு ஒரு கேமரா வந்துச்சு. 15 எம்.எம்., எஃப் 8, மாத்த முடியாத ஃபோகஸ், ரேஞ்ச்பைண்டரே கிடையாது. அவங்க முட்டாளுங்களா?

இவ்வளவு சொன்னாலும் என் உண்மையான கோபம் மூத்தவர் மேல இல்லை. இந்த லென்ஸை வாங்கி வெச்சுக்கிட்டு "எல்லாமே அடங்கிடும்"னு பீத்திக்கிற எங்க ஆளுங்க மேலதான். அதுல நானும் ஒருத்தனா இருந்தேன், ஒத்துக்கறேன்.

முதல் ரோல்ல நாமக்கல் கோட்டைக்குப் போனேன். ஒரே பாறை, சுமாரா 65 மீட்டர் உயரம். சமதரையில திடீர்னு நிக்கும், பஸ்ல போறவன் கூட நிமிர்ந்து பார்ப்பான். 200 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தேன். கணக்கு போட்டுப் பாருங்க: நெகட்டிவ்ல அந்தப் பாறை 5 மில்லிமீட்டர் கூட இல்லை! மேல வெறும் வானம், கீழ வெறும் ரோடு, நடுவுல ஒரு லட்டு. கொல்லிமலையைத் தூரத்துலேர்ந்து எடுத்தா வரப்பு மாதிரி ஆயிடும். நம்ம ஊர் சமவெளியில இந்த லென்ஸை நம்பி தூரக்காட்சி எடுக்கிறவன் பிலிமைக் கரியாக்கறான், அவ்வளவுதான்.

அகலமான லென்ஸ் அடக்கறதுக்கு இல்லைங்க. கிட்டப் போறதுக்கு.

இது எனக்கு அம்மாப்பேட்டையில மாமா வீட்டுலதான் உறைச்சுது. வெண்பட்டு வேட்டி நெய்யற குழித்தறி. எட்டுக்குப் பத்து அறை, தறி போக மிச்சம் நடக்க ஒரு சந்துதான். தறியைப் பிரிக்கப் போறோம்னு சொன்னதும் ஓடினேன். 50-ல மாமா முகம் கிடைச்சுது, தறி இல்லை. வாசப்படிக்கு வெளிய போய் எடுத்தேன். தறி இருக்கு, மாமா முதுகு மட்டும். பொடியன் சொன்ன 0.5-ம் போட்டுப் பார்த்தேன். நாப்பது வாட் பல்பு வெளிச்சத்துல பாவு நூலெல்லாம் கூழ் மாதிரி வந்துச்சு.

கடைசியா 15-ஐ மாட்டிட்டு தறிமேலயே சாஞ்சுக்கிட்டேன். மாமா கைக்கும் எனக்கும் ரெண்டு அடி. "மாப்ள, நாடா மூஞ்சியில அடிச்சிரப் போகுது, பாத்துக்க" என்றார். எஃப் 5.6, எட்டுல ஒரு வினாடி, மூச்சை அடக்கி அழுத்தினேன். கண்ணாடி எகிறாததால கேமரா ஆடலை. படத்துல அவர் கை, நாடா, முகம், குழிக்குள்ள மிதியில கால், மூலையில தார் சுத்தற அத்தை, ஜன்னல், அத்தனையும் இருக்கு. ரெண்டு அடியில நிக்கறவனைக் கவனிக்காம யாரும் இருக்க முடியாது. அவர் சம்மதிச்சார், அதனால படம் இருக்கு. தெருமுனையில டெலி லென்ஸோட ஒளிஞ்சு நின்னு தெரியாம எடுக்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியுமான்னு தெரியலை.

குறை இல்லாம இல்லை. நாலு மூலையும் இருண்டு போகும். கல்யாண குரூப்ல ஓரத்துல நின்ன பெரியம்மா மூஞ்சி பூசணிக்காயா இழுத்துக்கும் (இன்னும் என்கிட்ட பேசறதில்லை). கேமராவைக் கொஞ்சம் சாய்ச்சாலும் சுவரெல்லாம் சாஞ்சுக்கும்.

ஆனா அந்தத் தறி அறையில இப்போ மாமா பையனோட பைக் நிக்குது. அந்த அறை எப்படி இருந்துச்சுன்னு காட்ட வீட்டுல இருக்கறது அந்த ஒரே படம்தான். மூத்தவர் அண்ணே, 50-ஐயே வெச்சுக்கங்க, சந்தோஷம். சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாங்க, பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கோம்.

டிஸ்கி: ஜோர்க்கி-4 வாங்கறவங்களே, பிலிமைச் சுத்தி ஷட்டரை ஏத்தின பிறகுதான் வேகத்தைத் திருப்பணும். முன்னாடியே திருப்பி ரிப்பேர் ஆக்கிட்டு என்னைத் திட்டாதீங்க.