சனியா, ஞாயிறா? அதற்கு முன் ஓர் அக்காவின் கேள்வி

எங்கள் மாலை வாசிப்பு வட்டத்தில் சென்ற வாரம் இரண்டு கல்லூரித் தம்பிகளுக்குள் விவாதம் சூடு பிடித்தது. ஒருவர் சனிக்கிழமை ஆராதிக்கும் சபையைச் சேர்ந்தவர். ஏழாம் நாள்தான் கட்டளை, ஞாயிறு ரோமப் பேரரசன் புகுத்தியது என்றார். மற்றவர், இயேசு உயிர்த்தெழுந்தது ஞாயிறன்று, அதுவே ஆண்டவருடைய நாள் என்றார். இருவரும் வசனங்களை அடுக்கினார்கள். கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் கேட்டார்: “எனக்கு ரெண்டு நாளும் லீவு இல்லையே தம்பி, நான் எந்த நாள் கோயிலுக்குப் போறது?”

இருவரும் அமைதியானார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறோம்.

ஓய்வுநாள் கட்டளை பைபிளில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில் அதற்குச் சொல்லப்படும் காரணம், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமத்தில் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய்ந்திருக்கட்டும் என்பது அங்குள்ள கருத்து. ஓய்வே அறியாத அடிமைகளின் நினைவில் வேரூன்றிய கட்டளை அது. மாட்டுக்கும் அயலானுக்கும்கூட அதில் ஓய்வு உண்டு.

ஞாயிறு வழிபாட்டை கான்ஸ்டன்டைன்தான் தொடங்கினார் என்பது சரியல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடியதை ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் செய்தது, அந்த நாளை அரசு ஓய்வுநாளாக ஆக்கியது. அந்த ஆணையிலும் ஒரு விலக்கு இருந்தது. நகரத்து நீதிபதிகளும் கைவினைஞர்களும் ஓய்வெடுக்க வேண்டும், வயலில் உழுபவர்கள் வேலையைத் தொடரலாம் என்றது. சட்டத்தின் ஓய்வு வயல்வரை வரவில்லை.

நம் பக்கத்து வரலாறும் இதையே சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் மிஷன் சபைகளில் சேர்ந்த அடிமைச் சாதியினர் ஞாயிறன்று வயலுக்குப் போகாமல் ஆராதனைக்குப் போனது, நிலவுடைமையாளர்களை ஆத்திரம் கொள்ள வைத்தது. ஒரு நாள் வேலைக்கு வர மாட்டேன் என்று ஓர் அடிமை சொல்வது, என் உடல் முழுதும் உனக்குச் சொந்தமில்லை என்று சொல்வது. ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் போராட்டத்தால் மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்கு 1890இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் ஞாயிறு இப்படிக் கேட்டு வாங்கப்பட்டது.

சரி, நாள் கிடைத்துவிட்டது. கோயிலுக்குள் என்ன கிடைத்தது? தலித் மக்களுக்குத் தனி இடம், தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்று பிரித்து வைத்த பங்குகள் தமிழ்நாட்டில் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் அன்றிருந்த எறையூரில் 2008 மார்ச் 9 அன்று, சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான மோதலில் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்து ஞாயிறு. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. இப்படிப் பிரித்து உட்கார வைக்கும் கோயிலில், நாளைச் சனிக்கு மாற்றினாலும் ஞாயிறிலேயே வைத்தாலும் யாருக்கு என்ன மாறும்?

நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியதால், ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக நினைவுகூர்கிறோம். இந்த இரண்டு நாட்களும் தேவை. ஆனால் ஒரு ஞாயிறு விடுதலை பேசிவிட்டு மற்ற ஞாயிறுகளில் பழைய வரிசையிலேயே உட்கார்ந்தால், அது சடங்கு.

எங்கள் நிலைப்பாடு இது. எந்த நாள் என்பதை ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் அவரவர் மனசாட்சிக்கு விட்டார். நாங்களும் விடுகிறோம். சனியை ஆசரிப்பவரை ஞாயிறுக்காரர் பழிக்க வேண்டாம், ஞாயிறுக்காரரை அவர் பழிக்க வேண்டாம். ஆனால் ஓய்வை யாருடைய மனசாட்சிக்கும் விட முடியாது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948லேயே வழிசெய்தது. அது தொழிலாளியின் உரிமை, ஒப்பந்ததாரரின் கருணை அல்ல.

ஆகவே தோழர்களே, உங்கள் சபையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கோயிலைக் கூட்டுபவருக்கு வார விடுப்பு உண்டா? சபை நடத்தும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் துப்புரவு செய்பவருக்குச் சம்பளத்தோடு உண்டா? ஞாயிறு காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் ஓர் ஆராதனை வைப்பீர்களா? அங்கே அவர்கள் எங்கே உட்காருவார்கள்?

அந்த அக்கா அடுத்த ஞாயிறும் விடியற்காலை வேலைக்குப் போவார். அவருக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்துவிட்டு, அது சனியா ஞாயிறா என்று அவரிடமே கேட்போம்.