நாலு வயதில் என்ன குற்றம்?

"தப்புப் பண்றவன் தண்டனை வாங்குறான். இதுல நிறம் எங்கேருந்து வந்துச்சு?"

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் அளவுக்கு மீறி சஸ்பெண்ட் செய்யப்படுகிறார்கள், சிறார் காவல் இல்லங்களில் அளவுக்கு மீறி அடைபடுகிறார்கள் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே வந்து விழும் பதில் இது. வெள்ளையர்கள் மட்டும் சொல்வதில்லை. டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட நம்மவர்களும் சொல்கிறார்கள். அங்கே போய் ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொண்டு திரும்பிய தாத்தாக்கள் மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். கூடவே ஓர் உபகேள்வி: "நம்ம பிள்ளைங்க ஏன் மாட்டுறதில்லை?"

ஆசியப் பிள்ளைகள் அங்கே மிகக் குறைவாகவே சஸ்பெண்ட் ஆகிறார்கள் என்பது உண்மைதான். பட்டம் உண்டா, வேலை உண்டா என்று விசா அலுவலகத்தில் வடிகட்டி எடுக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அடிமைகளாக விற்கப்பட்டு, அதன்பின் இன்னும் ஒரு நூற்றாண்டு தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளோடு அவர்களை ஒப்பிட்டுப் பெருமைப்படுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அது கிடக்கட்டும். முதல் வாக்கியத்தைப் பார்ப்போம். தப்புச் செய்கிறவன்தான் தண்டனை வாங்குகிறானா?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை தந்தது. 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களில் 39 சதவீதம். வறுமைதான் காரணம் என்று சொல்ல வாய் திறப்பவர்களுக்கும் அந்த அறிக்கையிலேயே பதில் இருக்கிறது: ஏழைகள் மிகுந்த பள்ளி, வசதியானவர்கள் மிகுந்த பள்ளி என எல்லா வகைப் பள்ளியிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. அதே ஆண்டு மழலையர் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 19 சதவீதம். சஸ்பெண்ட் ஆன மழலைகளில் அவர்கள் 47 சதவீதம். மழலையர் வகுப்பு என்றால் மூன்று, நான்கு வயது. கடிக்கும், பொம்மையைப் பிடுங்கும், தூக்கம் வந்தால் தரையில் உருண்டு அழும் வயது. இந்த வயதிலேயே பாதிக் குற்றவாளிகள் ஒரே நிறத்தில் பிறந்துவிடுகிறார்கள் என்று நம்ப நாம் தயாரா?

யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியமும் அவரது குழுவினரும் 2016இல் ஒரு சோதனை செய்தார்கள். மழலையர் பள்ளி ஆசிரியர்களைத் திரைக்கு முன் உட்கார வைத்து, சேட்டை எங்கே தொடங்கப்போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். திரையில் ஒரு மேசையைச் சுற்றி நான்கு குழந்தைகள்: கறுப்பினப் பையன், கறுப்பினப் பெண், வெள்ளைப் பையன், வெள்ளைப் பெண். ஆசிரியர்களின் விழி எங்கே போகிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. படத்தில் எந்தக் குழந்தையும் எந்தச் சேட்டையும் செய்யவில்லை. அதை ஆசிரியர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர்களின் கண் அதிக நேரம் நின்றது கறுப்பினப் பையன் மீது. நாள் முழுக்க ஒரே பிள்ளையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் ஏதாவது செய்யத்தான் செய்வான். பக்கத்தில் இருப்பவனும் அதையே செய்வான். பார்க்கத்தான் ஆள் இருக்காது.

"சோதனைக்கூடத்தில் ஆயிரம் நடக்கும், பள்ளியில் என்ன நடக்கிறது சொல்லுங்கள்" என்பவர்கள் டெக்சாஸுக்கு வரலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரைக் குறைந்தது ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது சஸ்பெண்ட் ஆனவர்கள் அல்லது பள்ளியைவிட்டு நீக்கப்பட்டவர்கள். சட்டம் ஒழுங்கில் டெக்சாஸ்காரர்கள் எப்போதுமே தாராளம். ஆனால் நான் நிற்க விரும்பும் இடம் வேறு. அங்கே ஒழுங்கு நடவடிக்கைகள் இரண்டு வகை. துப்பாக்கி, போதைப்பொருள் போன்றவற்றுக்கு மாநிலச் சட்டமே தண்டனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பள்ளி மன்னிக்க நினைத்தாலும் முடியாது. மற்றதெல்லாம் பள்ளியின் விருப்பம். ஆய்வுக் காலத்து நடவடிக்கைகளில் கட்டாய வகை வெறும் 3 சதவீதம்.

இந்த இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார்கள். குடும்ப வருமானம், மதிப்பெண், வருகைப்பதிவு, பள்ளியின் தன்மை என்று 83 அம்சங்களைச் சமன்செய்த பிறகும், பள்ளியின் விருப்பத்துக்கு விட்ட வகையில் கறுப்பினப் பிள்ளை தண்டிக்கப்படும் வாய்ப்பு, மற்ற எல்லாவற்றிலும் அவனை ஒத்த வெள்ளைப் பிள்ளைக்கு இருப்பதைவிட 31 சதவீதம் அதிகம். கட்டாய வகையில்? அதிகமில்லை, குறைவு. கத்தி, கஞ்சா என்று வந்தால் கறுப்பினப் பிள்ளை முன்னால் நிற்கவில்லை. யாரோ ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில்தான் அவன் முன்னால் தள்ளப்படுகிறான். அதிகம் தப்புச் செய்கிறவன் எல்லாத் தப்பையும் அல்லவா அதிகம் செய்ய வேண்டும்?

ஆய்வாளர் ரஸல் ஸ்கிபா 2002இல் ஒரு நகரத்தின் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டியபோதும் இதே கதைதான். வெள்ளைப் பிள்ளைகள் முதல்வர் அறைக்கு அனுப்பப்பட்ட காரணங்கள்: புகைபிடித்தது, சொல்லாமல் வெளியே போனது, பொருளை உடைத்தது, கெட்ட வார்த்தை பேசியது. கறுப்பினப் பிள்ளைகள் அனுப்பப்பட்ட காரணங்கள்: மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டல், வெறுமனே சுற்றித் திரிந்தது. முதல் பட்டியலில் உள்ளதற்குச் சிகரெட் துண்டோ உடைந்த கண்ணாடியோ சாட்சி. இரண்டாவதில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியரின் மனநிலை மட்டும்தான் சாட்சி. எவ்வளவு சத்தம் அதிகச் சத்தம்? அரட்டையும் மிரட்டலும் பிரியும் இடம் எது? நம்மூர் வகுப்பறையில் "என்னடா முறைக்கிறே?" என்ற கேள்விக்கு யாராலாவது சரியான பதில் சொல்ல முடிந்திருக்கிறதா?

எதிர்த்தரப்பிடமும் ஆய்வு இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டுவது நியாயமில்லை. 2014இல் ஜான் பால் ரைட்டும் சக ஆய்வாளர்களும், பிள்ளையின் முந்தைய நடத்தையைக் கணக்கில் சேர்த்தால் நிற வேறுபாடு மறைந்துவிடுகிறது என்று எழுதினார்கள். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அமைக்கப்பட்ட பள்ளிப் பாதுகாப்புக் குழு 2018 டிசம்பரில் இதை மேற்கோள் காட்டியது. நிறப் பாகுபாட்டைக் கவனிக்கும்படி ஒபாமா அரசு 2014இல் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதல் அதையொட்டித் திரும்பப் பெறப்பட்டது. முந்தைய நடத்தை எப்படி அளக்கப்பட்டது என்று பாருங்கள்: சிறு வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைக்குப் போட்ட மதிப்பீட்டை வைத்து. எடைக்கல்லில் கோளாறு என்று புகார் வந்தால், அதே கல்லைக் கொண்டு நிறுத்துக் காட்டி எடை சரி என்பதுபோல இருக்கிறது இது.

இன்னொன்றையும் அவர்கள் காட்டுவார்கள். லூசியானாவில் ஒரு கறுப்பினப் பிள்ளையும் ஒரு வெள்ளைப் பிள்ளையும் தங்களுக்குள் சண்டை போட்ட நிகழ்வுகளை மட்டும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். ஒரே சண்டைக்குக் கறுப்பினப் பிள்ளைக்குக் கிடைத்த கூடுதல் சஸ்பென்ஷன் சராசரியாக 0.05 நாள். "இவ்வளவுதானா உங்கள் பாகுபாடு?" என்கிறார்கள். சண்டையில் இரண்டு பேர் கையும் களவுமாகப் பிடிபடுகிறார்கள். சுற்றி வகுப்பே நிற்கிறது. இருவருக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில் தீர்ப்பு. ஓரவஞ்சனைக்கு இடமே இல்லாத அந்த வழக்கில்கூட அது ஒரு துளி கசிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரைப் பார்ப்பது, யாரை எழுந்து நிற்கச் சொல்வது, யாரைக் கண்டும் காணாமல் விடுவது என்ற முடிவெல்லாம் பதிவேடு திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பள்ளியிலிருந்து காவல் நிலையத்துக்கு வருவோம். டென்னஸி மாநிலம், ரதர்ஃபோர்டு கவுண்டி, மர்ஃப்ரீஸ்பரோ நகரம், 2016. பள்ளிக்கு வெளியே பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை. யாரோ காணொளி எடுத்துவிட்டார்கள். ஐந்து, ஆறு வயதுப் பொடியன்கள் இரண்டு பேர் நடந்துபோகும் ஒரு பெரிய பையனை வலுவில்லாமல் குத்துகிறார்கள். மற்ற பிள்ளைகள் கூடவே போகிறார்கள். அவ்வளவுதான். குத்தியவர்களோ வழக்குப் போட முடியாத குழந்தைகள். போலீஸ் என்ன செய்தது தெரியுமா? வேடிக்கை பார்த்த பிள்ளைகளைத் தேடியது. சண்டையைத் தடுக்கவில்லை என்பது குற்றம். ஏப்ரல் மாதத்தில் 11 பிள்ளைகள் கைது. அவர்களில் எட்டு வயதுப் பெண்குழந்தையும் உண்டு. பதினொரு பேரும் கறுப்பினத்தவர். அவர்கள்மீது போடப்பட்டது டென்னஸி சட்டத்தில் தனிக் குற்றமாகவே இல்லாத ஒரு குற்றச்சாட்டு. 

புரோபப்ளிகா பத்திரிகையாளர்கள் 2021இல் இதைத் தோண்டியெடுத்தபோது, 2014இல் அந்தக் கவுண்டியின் சிறார் வழக்குகளில் 48 சதவீதத்தில் பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மாநிலச் சராசரி 5 சதவீதம். எந்தப் பிள்ளையை அடைப்பது என்று தீர்மானிக்கச் சிறார் காவல் இல்லத்துக்கென்றே ஒரு வடிகட்டி முறையும் வைத்திருந்தார்கள்: அதிகாரிக்கு ஆபத்தானவனாகத் தெரிந்தால் உள்ளே. இதற்காக வழக்கு நடந்து, 1.1 கோடி டாலர் வரை இழப்பீடு தரக் கவுண்டி ஒத்துக்கொண்டது. எனக்கு உறுத்துவது வேறொன்று. வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் வாய்க்காமல் போயிருந்தால் இந்தப் பதினொரு பேரும் என்ன ஆகியிருப்பார்கள்? அரசின் புள்ளிவிவரத்தில் "கைதான கறுப்பினச் சிறார்" என்ற கட்டத்தில் ஓர் எண்ணாகச் சேர்ந்திருப்பார்கள். அந்தக் கட்டத்தைக் காட்டித்தானே மாம்பலத்துத் தாத்தா நம்மிடம் வாதாடுகிறார்?

2021 கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு கறுப்பினச் சிறார் அடைக்கப்படும் வாய்ப்பு வெள்ளைச் சிறாரோடு ஒப்பிட்டால் நான்கரை மடங்குக்கு மேல். நீதிமன்றத்துக்குள் நடப்பதை ஆய்வாளர்கள் ஜார்ஜ் பிரிட்ஜஸும் சாரா ஸ்டீனும் 1998இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு மேற்கு மாநிலத்தில், நீதிபதிக்காக நன்னடத்தை அலுவலர்கள் எழுதும் அறிக்கைகளை அவர்கள் படித்துப் பார்த்தார்கள். வெள்ளைப் பையன் குற்றம் செய்தால் காரணம் வெளியே இருக்கும்: சேர்க்கை சரியில்லை, வீட்டில் பிரச்சினை. கறுப்பினப் பையனுக்குக் காரணம் அவனுக்குள்ளேயே இருக்கும்: மனப்போக்கு சரியில்லை, வருத்தம் இல்லை. சேர்க்கை கெட்டவனைத் திருத்தலாம், குணமே கெட்டவனை அடைக்கத்தானே வேண்டும்? பரிந்துரையும் அப்படியே போனது.

சரி, தண்டனை கூடக் குறைய இருந்துவிட்டுப் போகட்டும், ஒழுங்கு வளர்கிறதே என்பார்கள். வட கரோலைனாவின் ஷார்லட் நகரில் 2002இல் பள்ளி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. ஒரே பகுதிப் பிள்ளைகளில் சிலர் எடுத்ததற்கெல்லாம் சஸ்பெண்ட் செய்யும் நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். சிலர் அப்படி இல்லாத பள்ளிக்கு. அவர்கள் வளர்ந்த பிறகு ஆய்வாளர்கள் காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கறார்ப் பள்ளிக்குப் போனவர்கள் பெரியவர்களாகிக் கைதாகும், சிறை செல்லும் வாய்ப்பு 15 முதல் 20 சதவீதம் அதிகம். அடி அதிகம் விழுந்தது சிறுபான்மை இனப் பையன்கள்மீது. வீட்டுக்கு விரட்டப்பட்ட பிள்ளை பாடத்தை விடுகிறான். திரும்பி வந்தால் ஏற்கெனவே பெயர் கெட்டவன். ஒழுங்கு எங்கிருந்து வளரும்?

2025 ஏப்ரலில் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார்: நிறவாரிக் கணக்கைப் பார்த்துத் தண்டனையைத் தளர்த்துவதே பாகுபாடாம், பள்ளிகள் நடத்தையை மட்டும் பார்க்க வேண்டுமாம். நல்லது, நடத்தையை மட்டுமே பார்ப்போம். கலிபோர்னியா அதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. "வேண்டுமென்றே அடங்காமை" என்ற காரணத்துக்காக சஸ்பெண்ட் செய்வதை முதலில் சிறு வகுப்புகளில் நிறுத்தி, பிறகு படிப்படியாக நீட்டி, 2024 ஜூலை முதல் உயர்நிலை வகுப்புகள் வரை தடை செய்துவிட்டது. அடித்தவனை, கத்தி கொண்டுவந்தவனை, போதைப்பொருள் விற்றவனை இன்றும் சஸ்பெண்ட் செய்யலாம். தொந்தரவு கொடுப்பவனை ஆசிரியர் தன் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பவும் தடையில்லை. போனது முகத்தைப் பார்த்து எழுதுகிற அந்த ஒரு பிரிவு மட்டும். நிறத்துக்கல்ல, நடத்தைக்குத்தான் தண்டனை என்கிறவர்களுக்கு அந்த ஒரு பிரிவு எதற்காக வேண்டும்?