ஊமைப்படமும் இரவல் இசையும்

பழைய ஊமைப்படங்களுக்கு இசை சேர்க்கும் ஆர்வம் மாணவரிடையே தோன்றியிருப்பது வரவேற்கத்தக்கதே. படத்துண்டு ஒன்றைக் கணினியில் ஏற்றி, அதன்கீழ் இசையைப் பொருத்தி, நண்பருக்குக் காட்டுவதற்கு இன்று ஒரு மாலைப்பொழுது போதும். ஆயின் இம்முயற்சியில் இறங்குவோர் முதலிற் கேட்கும் வினா, "எளிதான மென்பொருள் எது?" என்பதாகும். இவ்வினாவிற் பிழையில்லை. இதற்கு வழமையாகக் கிடைக்கும் விடையே பிழையானது. ஆயத்த இசையை நிறையச் சேமித்து வைத்திருக்கும் மென்பொருளே எளிதானது என்பது அவ்விடை. இதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊமைப்படம் ஒருபோதும் ஊமையாக இருந்ததில்லை. 1895 டிசெம்பர் 28இல் லூமியர் சகோதரர் பாரிசிற் கட்டணம் பெற்றுப் படங்காட்டியபோதே அங்கு பியானோ ஒலித்தது. 1908இல் பிரெஞ்சு இசைமேதை சென்-சான்ஸ் ஒரு படத்துக்கெனவே தனியிசை அமைத்தார். எனினும் படங்கள் பெருகியதும் தனியிசைக்கு நேரமும் பணமும் போதவில்லை. எனவே 1919இல் பேர்லினில் யூசெப்பே பெச்சே என்பவர் 'கினோதெக்' எனும் இசைத் தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். மனநிலைகளும் நிகழ்ச்சிகளும் வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆயத்த இசை வழங்கப்பட்டது. அரங்கின் இசைக்குழு வேண்டிய பக்கத்தைப் புரட்டி வாசித்தது. விளைவு யாது? எந்நாட்டுப் படத்திலும், எக்கதையிலும், புயலுக்கு ஒரே இசை; துயருக்கு ஒரே இசை.

இன்றைய மென்பொருள்களின் இசைக்கிடங்கு இப்பழைய தொகுப்பின் பேரப்பிள்ளையே. 'மகிழ்ச்சி', 'சோகம்', 'வீரம்' என்ற தலைப்புகளின்கீழ் அங்கு இசை அடுக்கப்பட்டிருக்கின்றது. மாணவன் செய்வதெல்லாம் விரலால் தொடுவதே. கேப்கட் போன்ற செயலிகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, இசையின் தாளத்தைத் தாமே கணித்து அதற்கேற்பப் படத்தை வெட்டவும் வழிசெய்கின்றன. படத்துக்காக இசை என்ற நிலை மாறி, இசைக்காகப் படம் என்ற நிலை இதனால் உருவாகின்றது. நூறாண்டுகளுக்கு முன் நடிகர் ஒருவர் தயங்கி நின்ற அந்தக் கணம், இரவல் தாளத்துக்கு இடைஞ்சல் என்பதற்காக வெட்டி வீசப்படுகின்றது. இதனை எளிமை என்பதா, அழிவு என்பதா?

வேறு வழி உண்டென்பதற்குச் சான்றுகள் உள. பேசும்படம் வந்துவிட்ட 1931ஆம் ஆண்டிலும் சார்லி சப்ளின் தமது 'சிற்றி லைற்ஸ்' படத்தை உரையாடலின்றியே வெளியிட்டார். அதற்கான இசையைத் தாமே அமைத்தார். சுரக்குறிப்பு எழுதத் தெரியாத அவர், மனத்தில் எழுந்த மெட்டுகளைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். எழுதத் தெரியாமை அவருக்குத் தடையாகவில்லை. தன் படத்துக்கு எது வேண்டும் என்பதை அவரது செவி அறிந்திருந்தது. 1928இல் இந்தியாவில் எடுக்கப்பட்ட 'சிராஸ்' எனும் ஊமைப்படம் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தினாற் புதுப்பிக்கப்பட்டு 2017இல் இலண்டனில் திரையிடப்பட்டபோது, அனுஷ்கா சங்கர் அதற்கெனப் புதிதாக இசையமைத்தார். அங்கும் கிடங்கிலிருந்து எடுத்து ஒட்டும் வேலை நடைபெறவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிரானிலும் அதன் அயலூர்களிலும் பிறந்த ஒருவர் இசைக்காக இரவல் கேட்க வேண்டிய வறுமை என்ன? மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது அதற்குரிய வரவுத் தாளம் உண்டு. அரசனின் வரவுக்கு ஒலிக்கும் தாளக்கட்டு, கட்டியகாரனின் வரவுக்கு ஒலிப்பதில்லை. அண்ணாவியார் ஆட்டக்காரரின் காலைப் பார்த்தபடியே மத்தளம் அடிக்கின்றார். சல்லரி உடன் ஒலிக்கின்றது. கண்ணாற் பார்த்து, அக்கணத்துக்குரிய ஒலியைக் கையாற் பிறப்பிக்கும் இக்கலையே ஊமைப்படத்துக்கு இசையமைப்பவர் கற்க வேண்டிய கலை. அதனைக் கற்பிக்க வல்லோர் நம் ஊர்களில் வாழ்ந்துகொண்டிருக்க, நாமோ கைத்தொலைபேசிக்குள் இசை தேடுகின்றோம்.

ஓர் உதாரணம் காண்போம். தமிழகத்தின் முதல் ஊமைப்படமான நடராச முதலியாரின் 'கீசகவதம்' இன்று கிடைப்பதில்லை. ஆனால் தாதாசாகிப் பால்கே 1919இல் எடுத்த 'காளிய மர்த்தனம்' பெருமளவிற் கிடைக்கின்றது. அவரது மகள் மந்தாகினி அதிற் கண்ணனாக நடித்தாள். அச்சிறுமி நீரினுள் நாகத்தோடு போரிடும் காட்சிக்கு ஒரு மத்தளமும் ஒரு சோடிச் சல்லரியும் போதும். அவற்றை நம் அண்ணாவியார் ஒருவர் திரையைப் பார்த்து வாசிப்பாராயின், அப்படம் நமக்கும் உரியதாகும். கிடங்கிலிருந்து பெயர் தெரியாத ஒருவரின் சித்தாரை எடுத்து ஒட்டினால், அஃது எவருக்கும் உரியதாகாது.

ஆகவே மென்பொருளை எவ்வாறு தெரிவது? முதலாவது, படத்தின் வேகத்தை மாற்ற அது இடந்தரல் வேண்டும். அக்காலப் படங்கள் பல கையாற் சுழற்றிய கருவிகளால், நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டங்கள் என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் மாந்தர் பொம்மைகள்போல் துள்ளுவர். வேகத்தைச் சீராக்கிய பின்னரே இசையைப் பற்றி எண்ணல் வேண்டும். இரண்டாவது, நாமே பதிவுசெய்த மத்தளம், சல்லரி, பாடல் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் வைத்து, ஒவ்வொன்றையும் கூட்டவும் குறைக்கவும் இயலல் வேண்டும். மூன்றாவது, இணைய இணைப்பின்றியும் அது இயங்கல் வேண்டும். மாரி வெள்ளம் பெருகினால் கிரான் பாலத்துக்கு அப்பாலுள்ள ஊர்கள் துண்டிக்கப்படும் நாட்டில், இணைப்பை நம்பியிருக்கும் கருவி எளிய கருவியாகாது. நான்காவது, ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் மட்டும் அதன் ஆயுள் தங்கியிருத்தலாகாது. பலரும் பழகிய 'வின்டோஸ் மூவி மேக்கர்' 2017 சனவரியில் அதன் நிறுவனத்தாற் கைவிடப்பட்டதை மறத்தல் தகாது.

'ஷொட்கட்', 'ஓப்பின்ஷொட்' ஆகிய கட்டணமற்ற திறந்தமூல மென்பொருள்கள் இந்நான்கையும் நிறைவுசெய்கின்றன. ஒலியைப் பதிந்து சீர்செய்ய 'ஒடாசிற்றி' உண்டு. 'டாவின்சி ரிசோல்வ்' பேராற்றல் வாய்ந்ததாயினும், ஆற்றல் மிக்க கணினியையும் வேண்டிநிற்பது. அதனை வாங்க வசதியில்லாத மாணவன் வருந்த வேண்டியதில்லை. மேற்கூறியவற்றைச் சில நாட்களிற் பழகிவிடலாம்.

"தொடக்க மாணவருக்கு இவையெல்லாம் சுமையல்லவா?" என்பர் சிலர். கருவியைக் கையாளுதல் எளிதாக இருக்கட்டும். அதில் எமக்கு வழக்கில்லை. செவியின் உழைப்பையும் கருவியிடம் ஒப்படைக்கும் எளிமையையே எதிர்க்கின்றோம். "கூத்திசையைத் திரைக்குக் கொண்டுபோதல் மரபைக் கெடுக்கும்" என்பர் வேறு சிலர். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என மேடையேற்றினார். அதனாற் கூத்து அழிந்துவிடவில்லை. கற்றோர் பலர் அதனை மதிக்கத் தலைப்பட்டனர். பயன்படுத்துவதால் மரபு கெடுவதில்லை. எவரும் அழைக்காத மத்தளமே தோல் கிழிந்து மூலையிற் கிடக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லப்படல் வேண்டும். அண்ணாவியாரை அழைத்து வாசிக்கச் செய்வோர், அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்தல் வேண்டும். அவர் பெயரைப் படத்தின் முகப்பிற் பொறித்தல் வேண்டும். அவரது தாளத்தைப் பதிந்துகொண்டு பெயரை மறைப்போமாயின், நாமும் பெயரற்ற இசைக் கிடங்கொன்றையே கட்டியெழுப்பியவராவோம்.

இசை சேர்க்க விரும்பும் நண்பர்களே, மென்பொருளின் இசைப்பட்டியலை மூடுங்கள். படத்தை ஒலியின்றி மும்முறை பாருங்கள். பின்னர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் மத்தளம் இருக்கும் வீட்டுக்குச் செல்லுங்கள்.