வட்டவடை: பூண்டும் தைல மரமும்

மூணாறிலிருந்து 45 கிலோமீட்டர். மாட்டுப்பெட்டி அணை, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, பாம்பாடும் சோலையின் இருட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் சட்டென்று ஒரு பள்ளத்தாக்கு திறக்கிறது. எதிர்ச் சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள். தேயிலை என்ற பேச்சே இல்லை. கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா என்கிறது கேரள அரசின் பதிவேடு. காதில் விழுவதோ தமிழ்.

வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர். இந்த ஊர்களின் மூத்த குடிகள் தங்கள் பூர்வீகம் மதுரைச் சீமை என்று சொல்கிறார்கள். எந்த மன்னன் காலத்தில், எந்தப் படைக்குப் பயந்து மலையேறினார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. மன்றாடியார் முதலான ஊர்ப் பெரியவர்களின் வார்த்தைக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிக் கொடிகள் பறப்பது வேறு விஷயம். சுற்றியுள்ள காடுகளில் முதுவான் குடிகள் இருக்கின்றன. அவர்களும் மதுரையிலிருந்து வந்த கதையைத்தான் சொல்கிறார்கள்.

பணப்பயிர் பூண்டு. பல் சிறிது, காரமும் மணமும் அதிகம், நாள்பட்டாலும் கெடாது. விதைப் பூண்டை அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிடுவது இந்த மலைகளின் வழக்கம். விற்பனைக்குப் போகும் மூட்டைகள் மலையிறங்கித் தேனி மாவட்டம் வடுகபட்டிச் சந்தைக்கு வந்து சேர்கின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர்-வட்டவடைப் பூண்டுக்கு அது 2022-இல் வந்தது. மலை ஒன்றுதான், நடுவே மாநில எல்லை போவதால் குறியீடும் இரண்டாகிவிட்டது.

குறியீடு கிடைத்த அளவுக்கு விலை கிடைத்ததா என்றால், பதில் வியாபாரியிடம் இருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பவர் அவர். விளைந்ததை அவரிடமே போட வேண்டும்; விலையும் அவர் சொல்வதுதான். ஓணம் நெருங்கும்போது கேரள அரசின் ஹார்டிகார்ப் காய்கறி வாங்க வருகிறது. கொடுத்த சரக்குக்குப் பணம் வர மாதக்கணக்காகிறது என்று விவசாயிகள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். கையில் காசு உடனே வேண்டியவன் திரும்பவும் பழைய வியாபாரியிடமே போகிறான். இதில் அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால், வட்டவடையின் பெரிய வழக்கு விலையைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் ஆலை 1982-இல் ஓடத் தொடங்கியது. காகிதக் கூழுக்கு மரம் வேண்டும். இந்தச் சரிவுகளில் 'கிராண்டிஸ்' என்ற யூகலிப்டஸ் பரவியது. நட்டுவிட்டால் களையெடுக்க வேண்டாம், காட்டுப் பன்றிக்குக் காவல் இருக்க வேண்டாம். சில வருடங்களில் வெட்டலாம். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஊரில் இல்லாத நில உடைமையாளருக்கு இதைவிட வசதி ஏது? வெளியூர்க்காரர்கள் கைக்கு நிலம் மாற மாற, மரமும் பெருகியது. கீழ்ச் சரிவில் காய்கறி போட்டவனின் ஓடை கோடையில் வற்றியது. அந்த வறட்சியைப் பற்றிய செய்தி, அந்த மரத்தை அரைத்த தாளிலேயே அச்சாகியிருக்கவும் கூடும்.

யூகலிப்டஸ் பற்றிய புகார் வட்டவடைக்கு மட்டும் உரியதல்ல. கோலார், பெங்களூரு கிராமப்புறங்களில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போன பிறகு, கர்நாடக அரசு 2017-இல் புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்கே தடை போட்டது. வட்டவடையில் அவ்வளவு நேராகக் காரியம் நடக்கவில்லை. காரணம் குறிஞ்சி. 2006-இல் நீலக்குறிஞ்சி பூத்த வருடத்தில், கொட்டாக்கம்பூர், வட்டவடைப் பகுதிகளில் 3,200 ஹெக்டேரில் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் பட்டா நிலங்களும் அகப்பட்டுக்கொண்டன. தலைமுறையாக உழுகிறவனின் பட்டாவும் இருக்கிறது. போலி என்று சந்தேகிக்கப்படும் பட்டாவும் இருக்கிறது. சரிபார்க்கக் கூப்பிட்டால் இருவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஏழைக்குத்தான் பயம் அதிகம். பெரிய கைகள் அந்தப் பயத்தைக் கேடயமாக்கிக்கொண்டன. 2017 டிசம்பரில் மூன்று அமைச்சர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். சரணாலயத்தின் பரப்பு குறையாது, கிராண்டிஸ் அகற்றப்பட வேண்டும் என்று அடுத்த வருடம் அரசு முடிவெடுத்தது. முடிவுக்கும் கோடரிக்கும் இடையே எத்தனையோ கோப்புகள்.

வெள்ளூர் ஆலை 2019-இல் நின்றுபோனது. 2022-இல் மாநில அரசு அதைக் கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் என்ற பெயரில் மறுபடி திறந்தது. ஆலைக்கு மரமும் வேண்டும்.

இதற்கிடையே புது வரவுகளும் உண்டு. ஸ்ட்ராபெர்ரித் தோட்டம், கூடாரத் தங்கல், ஜீப் சவாரி. வார இறுதியில் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வருகின்றன. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக வந்த பழைய சாலை 1990 வாக்கில் மூடப்பட்டது. திறக்கச் சொல்லி அவ்வப்போது குரல் எழுகிறது. 2018-இல் பூத்த குறிஞ்சிக்கு அடுத்த முறை 2030.