குழந்தைக்குத் தவளை வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

1/
லீவு விட்டா போதும், இன்பாக்ஸ்ல இந்தக் கேள்வி வந்துரும். "டாக்டர், பாப்பாவுக்கு 4 வயசு. நாய் வளர்க்க இடமில்லை. சின்னதா, அதிக வேலை வைக்காத தவளை ஒண்ணு தொட்டியில வளர்க்கலாமுங்களா?"
என் பதில்: வேண்டாமுங்க. 5 வயசுக்குக் கீழ குழந்தை இருக்கிற வீட்ல வேண்டவே வேண்டாம். ஏன்னு சொல்றேன். நீளமான இழை, பொறுமையாப் படிங்க.

2/
முதல்ல ஒண்ணு. தவளையைத் தொட்டா மரு வராது. மருவுக்குக் காரணம் ஹெச்.பி.வி வைரஸ், அது மனுசங்ககிட்ட இருந்து மனுசங்களுக்குப் பரவுறது. குழந்தை மெலிஞ்சா "தேரை விழுந்திருச்சு"ன்னு சொல்றதும் தப்பு. அது சத்துக்குறைவா இருக்கும், இல்ல உள்ள வேற நோய் இருக்கும். தேரை மேல பழி போடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.
எனக்குத் தவளை மேல கோபமே இல்லை. "ஈஸி பெட்"னு சொல்லி விக்கிறாங்க பாருங்க, அது மேலதான்.

3/
தவளை, பல்லி, ஆமை மாதிரி உயிரினங்களோட குடல்ல சால்மோனெல்லா கிருமி சாதாரணமா இருக்கும். அதுங்களுக்கு ஒரு நோயும் இருக்காது, பார்க்க நல்லா சுறுசுறுப்பா இருக்கும். கிருமி கழிவு வழியா தொட்டித் தண்ணியில கலக்கும். அந்தத் தண்ணி பட்ட கையை வாயில வச்சா போதும். 4 வயசுக் குழந்தை கை எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

4/
"இதெல்லாம் சும்மா பயமுறுத்தல்"னு நினைக்கிறவங்களுக்கு: அமெரிக்காவுல 2008ல இருந்து 2011 வரைக்கும், ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை மூலமா சால்மோனெல்லா பரவுச்சு. 44 மாநிலங்கள்ல 376 பேருக்கு நோய். அதுல 69 சதவீதம் 10 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. பாதிப்பேர் 5 வயசோ அதுக்கும் கீழயோ. "சின்னது, ஈஸி"ன்னு குழந்தைக்குன்னே வாங்கிக் கொடுக்கிற அதே தவளைதான்.

5/
"நாங்க சின்ன வயசுல வாய்க்கால்ல தவளை பிடிச்சு விளையாடலையா?" விளையாடினோம். பிடிச்சோம், விட்டோம், ஓடிட்டோம். அப்பவும் கை கழுவாம சோத்துல கை வச்சா அம்மா விட்டாங்களா? அந்த வாய்க்கால் தண்ணியைக் கொண்டு வந்து, சோறு பொங்குற இடத்துக்குப் பக்கத்துல மாசக்கணக்கா யாரும் வைக்கலை. தொட்டியைச் சமையல் சிங்க்ல கழுவவும் இல்லை.

6/
பல்லடத்துக்காரங்களுக்கு சால்மோனெல்லாவைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோழிப்பண்ணை வாசல்ல மருந்துத் தண்ணியில கால் நனைச்சுட்டுத்தான் உள்ள போறோம். பண்ணைக்குள்ள கண்ட ஆளையும் விடறதில்லை. கோழிக்கு இவ்வளவு காபந்து பண்ற நம்ம ஊர்ல, அதே கிருமியைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்து குழந்தை ரூம்ல வைக்கலாமா?

7/
சரி, கிருமியை விடுங்க. வளர்க்கிறதாவது ஈஸியா? இப்போ பசங்க வீடியோ கேம்ல பார்த்துட்டுக் கேக்குறது ஆக்ஸலாட்டில். மெக்ஸிகோ ஏரியில வாழ்ற உயிரினம், சொந்த ஊர்லயே அழியிற நிலைமை. அதுக்குத் தண்ணி 16-18 டிகிரியில இருக்கணும். நம்ம சித்திரை வெயில் 37, 38. கரண்டு போனா என்ன பண்ணுவீங்க? ஆயுசு 10 வருசத்துக்கு மேல.
இன்னொண்ணு: 2022ல திருத்தின வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வச்சிருந்தா அரசுகிட்ட பதிவு பண்ணணும். வாங்குற இடத்துல யாராவது சொன்னாங்களா?

8/
அக்வேரியம் கடையில இருக்கிற வெள்ளைத் தவளை? அது ஆப்பிரிக்க நகத் தவளை. ஒரு காலத்துல பெண்களோட சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசி போட்டு, முட்டை போடுதான்னு பார்த்துத்தான் கர்ப்பம் உறுதி பண்ணுவாங்க. கடையில விரல் நீளம் இருக்கும். வளர்ந்தா உள்ளங்கை அளவு. கூட இருக்கிற சின்ன மீனையும் விழுங்கிடும். 15 வருசம் வாழும். LKG பாப்பா காலேஜ் போற வரைக்கும் நீங்கதான் தண்ணி மாத்தணும்.

9/
சலிச்சுப் போனா? "பாவம், குளத்துல விட்டுடலாம்"னு தோணும். அது புண்ணியம் இல்லீங்க. தவளைகளோட தோலைத் தாக்குற ஒரு பூஞ்சை உலகம் முழுக்கப் பரவியிருக்கு. வெளிநாட்டுத் தவளை விற்பனையும் அது பரவுறதுக்கு ஒரு காரணம். 2019ல வந்த ஆய்வுப்படி அந்தப் பூஞ்சையால 501 இனங்கள் குறைஞ்சிருக்கு, 90 இனங்கள் அழிஞ்சே போச்சு. சாமளாபுரம் குளத்துலயும் பிஏபி வாய்க்கால்லயும் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

10/
முக்கியமான விசயம் இது. குழந்தைக்குத் தொட்டுக் கொஞ்சணும். தவளையோ தோல் வழியாவே தண்ணியையும் காத்தையும் இழுக்குற உயிர். நம்ம கையில இருக்கிற சோப்பு, சானிடைசர், எண்ணெய் எல்லாம் அதுக்கு ஆகாது. தொட்டா தவளைக்குக் கெடுதல், தொட்ட கை வாய்க்குப் போனா குழந்தைக்குக் கெடுதல். அப்புறம் இது யாருக்கான பெட்?

11/
ஏற்கனவே வாங்கிட்டீங்களா? தூக்கிப் போடாதீங்க.
• தண்ணி மாத்துறது பெரியவங்க வேலை மட்டும்.
• சமையலறைப் பக்கமே தொட்டி வேண்டாம். அழுக்குத் தண்ணியை டாய்லெட்ல ஊத்துங்க.
• தொட்டியைத் தொட்டா சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவணும்.
• கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க, எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்க தள்ளியே இருக்கட்டும்.

12/
குழந்தைக்குக் காய்ச்சலோட பேதி, வயித்துவலி வந்தா ஓ.ஆர்.எஸ் கொடுங்க. ஒரு பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணி. ஜிங்க் மாத்திரை 14 நாள். ரெண்டுமே அரசு ஆஸ்பத்திரியில இலவசம். மெடிக்கல்ல நீங்களா ஆன்டிபயாடிக், பேதி நிறுத்துற மாத்திரை வாங்காதீங்க. மலத்துல ரத்தம், சோர்வு, ஒண்ணுக்கு குறையறதுன்னா உடனே வாங்க. 3 மாசத்துக்குக் கீழன்னா காய்ச்சல் அடிச்சாலே வாங்க. கிருமி ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போகலாம். வீட்ல தவளை, ஆமை இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

13/
"அப்போ பாப்பா கேட்டா என்ன பண்றது?" ஐப்பசி மழை பெஞ்ச ராத்திரி, டார்ச் எடுத்துட்டுப் பக்கத்துக் குட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. எத்தனை விதமாக் கத்துதுன்னு எண்ணச் சொல்லுங்க. கொஞ்ச நாள் கழிச்சு அதே இடத்துல தலைப்பிரட்டையைக் காட்டுங்க. அடுத்தடுத்த வாரம் போனா கால் முளைக்கும், வால் சுருங்கும். பாம்பு, குழி பார்த்து நடங்க. குழந்தை கையை விடாதீங்க. பார்த்துட்டு அங்கேயே விட்டுட்டு வாங்க, வந்ததும் கை கழுவுங்க.

14/
தவளையால நமக்கு நஷ்டமில்லை. வயக்காட்டுப் பூச்சியைத் தின்னுட்டு இருந்ததைப் பிடிச்சு, கால் வெட்டி டன் கணக்குல ஏற்றுமதி பண்ணினது நாமதான். 1987ல அரசு தடை போட்ட பிறகுதான் நின்னுச்சு.
வேலை வைக்காத உயிர்னு ஒண்ணு கிடையாதுங்க. உங்களுக்கு நேரம் இல்லைன்னா குழந்தைக்கு ஒரு பூச்செடி வாங்கிக் கொடுங்க. தவளை குட்டையிலயே இருக்கட்டும்.

பேரன் பேத்தி இருக்கிற வீட்டு குரூப்ல இதைப் பகிருங்க.